அற்றோணித் தத்துவமும் மூன்றில் இரண்டும்

2018 நவம்பர். கொட்டாஞ்சேனையில் நான் வழக்கமாகப் போகும் சலூனில் கதிரையில் சாய்ந்திருந்தேன். சுவரில் இருந்த டிவியில் பாராளுமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. உறுப்பினர்கள் மிளகாய்த்தூள் வீசுகிறார்கள், கதிரைகளைத் தூக்கி எறிகிறார்கள், பொலிஸார் சூழ சபாநாயகர் உள்ளே வருகிறார். அந்த வாரங்களில் நாட்டில் இரண்டு பேர் தங்களைப் பிரதமர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சலூன்காரர் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து இளவயதில் கொழும்புக்கு வந்தவர். சவரக்கத்தியை என் தாடைக்குக் கீழே வைத்தபடி கேட்டார்: "ஏன் சார், எலக்‌ஷன் வைக்கத்தானே சொல்றாங்க? ஜனங்க தீர்ப்பு சொல்லிட்டுப் போகட்டுமே. நாங்க வோட்டுப் போடுறத கோர்ட்டு எதுக்கு நிப்பாட்டணும்?"

கழுத்தில் கத்தி இருக்கும்போது யாரும் வாதாடுவதில்லை. "ம்" என்று மட்டும் சொன்னேன். ஆனால் கேள்வி லேசானதல்ல. மக்கள்தான் எசமானர்கள் என்றால் மக்களிடம் போவதற்குத் தடை எப்படி வரலாம்? இந்த நாட்டு அரசியலமைப்பு வரலாற்றின் பாதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. மறுபாதி அந்தச் சலூன்காரரின் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. அது பிறகு.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிவிட்டு மஹிந்த ராஜபக்ஷவை நியமித்தார். புதிய பிரதமருக்குச் சபையில் பெரும்பான்மை தேறாது என்று தெரிந்ததும், நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றத்தைக் கலைத்து, ஜனவரி 5ஆம் திகதி தேர்தல் என்று வர்த்தமானி வெளியிட்டார். அன்றிருந்த 70ஆம் உறுப்புரையின்படி, பாராளுமன்றம் கூடி நாலரை வருடம் ஆகும்வரை ஜனாதிபதி அதைக் கலைக்க முடியாது. மூன்றில் இரண்டு உறுப்பினர்கள் தாங்களாகவே கேட்டால் மட்டும் முடியும். அந்தப் பாராளுமன்றத்துக்கு அப்போது மூன்று வருடமும் சொச்சமும்தான்.

வழக்குகள் புதுக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. (தமிழக வாசகருக்கு ஒரு சின்னக் குறிப்பு: எங்கள் ஊரில் உயர் நீதிமன்றம் என்றால் அதுதான் உச்சி. அதற்கு மேலே நீதிமன்றம் இல்லை.) மனுக்காரர்களில் எதிர்க்கட்சிகள் இருந்தன, தேர்தல் ஆணைக்குழுவின் உறுப்பினர் ஒருவரும் இருந்தார். முதல் பெயர் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் இரா. சம்பந்தனுடையது. ஒற்றையாட்சி அரசியலமைப்பைக் காலமெல்லாம் குறை சொன்ன ஒரு கட்சியின் தலைவர், அதே அரசியலமைப்பைக் காப்பாற்றச் சொல்லி நீதிமன்றப் படியேறினார். எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. மோசமான வேலியானாலும் இருக்கிற வேலி அதுதான் என்று கணக்குப் போட்டிருப்பார்.

அரச தரப்பு வாதங்களில் ஒன்று, சலூன்காரர் கேட்ட அதே கேள்விதான்: மக்களிடம் போவதில் என்ன தவறு, வாக்குரிமை இறைமையின் பகுதியல்லவா? டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமித்துச் சொன்ன பதிலின் சாரம் இது: அரசியலமைப்பை மீறிக் கலைத்துவிட்டு நடத்தும் தேர்தலில் போடும் வாக்கு, சட்டப்படியான வாக்குரிமைப் பிரயோகம் ஆகாது.

பதில் சரி. ஆனால் சலூன் கதிரையில் இருந்து அதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. எனக்கே அது விளங்கியது, எங்கள் வீட்டில் நடந்த ஒரு காணி வேலையால்தான்.

பெரிய மாமா டொரொன்டோவில். வெள்ளவத்தையில் அவருக்கு ஒரு ஃபிளாட். அதை விற்க வேண்டும், ஆனால் வர முடியாது. ஆகவே சின்ன மாமாவின் பெயருக்கு அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினார். கொழும்பில் தமிழ் வீடு ஒன்று விடாமல் இந்தச் சொல் தெரியும். வெளிநாட்டில் இருப்பவர், இங்கே இருப்பவருக்குத் தன் கையெழுத்தின் பலத்தைக் கொடுக்கும் பத்திரம். நொத்தாரிசு அதை வாசித்துக் காட்டினார்: விற்கலாம், வாடகைக்கு விடலாம், வரி கட்டலாம், தண்ணீர்ப் பில், கரண்ட் பில் கட்டலாம், தேவைப்பட்டால் வழக்கும் பேசலாம். பத்திரம் வளர்ந்துகொண்டே போனது. சின்ன மாமா என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்: "தம்பி, எல்லாம் எழுதியிருக்கு. வித்த காசை நானே வச்சிருக்கலாம் எண்டு மட்டும் எழுதேல்லை."

அவ்வளவுதான் விஷயம். தத்துவம் பெற்றவருக்கு நிறைய அதிகாரம் உண்டு, வீட்டையே விற்கலாம். ஆனால் அந்தப் பத்திரத்தை அவர் திருத்த முடியாது. 'இன்னும் ஆறு வருடத்துக்கு நானே' என்று கீழே ஒரு வரி சேர்க்க முடியாது. அப்படி யாரும் அவரைத் தடுத்தால் அதனால் பெரிய மாமாவின் உரிமை குறைந்துவிடாது. காவலே அவருடைய உரிமைக்குத்தான்.

1978 அரசியலமைப்பை இந்தக் கண்ணோடு வாசித்தால் அதன் அமைப்பு சட்டென்று தெரியும். 3ஆம் உறுப்புரை இறைமை மக்களுடையது என்கிறது. அதைக் கைமாற்ற முடியாது. சட்டத் தமிழில் 'பராதீனப்படுத்த' முடியாதது. 4ஆம் உறுப்புரை, அந்த இறைமையை யார் எடுத்து நடத்துவார்கள் என்று பிரித்துக் கொடுக்கிறது: சட்டமியற்றுவது பாராளுமன்றமும், சர்வசன வாக்கெடுப்பு வந்தால் மக்கள் நேரடியாகவும், நிறைவேற்று அதிகாரம் ஜனாதிபதியிடம், நீதியதிகாரம் பாராளுமன்றத்துடையது, ஆனால் நீதிமன்றங்களின் ஊடாக. சொந்தக்காரர் ஒருவர், நடத்துபவர்கள் வேறு. அப்புறம் 82, 83ஆம் உறுப்புரைகள் பூட்டுகள். அரசியலமைப்பைத் திருத்த 225 பேரில் மூன்றில் இரண்டு, அதாவது 150 கை வேண்டும். சில விடயங்களுக்கு அதுவும் போதாது, மக்களிடமே போக வேண்டும்.

எந்த விடயங்களுக்கு அந்த இரண்டாவது பூட்டு என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஒற்றையாட்சி, மக்களின் இறைமை, தேசியக் கொடி, தேசிய கீதம், தேசிய தினம், பௌத்தத்துக்கு முதன்மையிடம், சிந்தனை மற்றும் மனசாட்சிச் சுதந்திரம், சித்திரவதைக்கு எதிரான பாதுகாப்பு, பதவிக்காலத்தை ஆறு வருடத்துக்கு மேல் நீட்டாமல் இருப்பது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று சொல்லும் 12ஆம் உறுப்புரை இந்தப் பட்டியலில் இல்லை. கொடிக்கு இரட்டைப் பூட்டு, சமத்துவத்துக்கு ஒற்றைப் பூட்டு. எதை இழக்க முடியாது என்று எழுதியவர்கள் நினைத்தார்கள் என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடுகிறது.

சரி, பூட்டுகள் வேலை செய்தனவா?

பத்திரத்தின் கீழே ஒரு வரி சேர்க்கும் கதை நான் சும்மா சொன்னதல்ல. 1977இல் ஜே.ஆர். ஜயவர்தனவின் ஐக்கிய தேசியக் கட்சி ஏறக்குறைய பாதி வாக்குகளை எடுத்து 168 ஆசனங்களில் 140ஐ வென்றது. 1982 ஒக்டோபரில் ஜனாதிபதித் தேர்தலிலும் ஜே.ஆர். வென்றார். அடுத்து பாராளுமன்றத் தேர்தல் வர வேண்டும். ஆனால் விகிதாசார முறையில் தேர்தல் வைத்தால் ஆறில் ஐந்து பெரும்பான்மை கரைந்துவிடும். ஆகவே, இருக்கிற பாராளுமன்றத்தையே இன்னும் ஆறு வருடம் நீட்டலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். நான்காவது திருத்தம். உயர் நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் வழிவிட்டது. 1982 டிசம்பர் 22ஆம் திகதி வாக்கெடுப்பு. சம்மதம் என்றால் லாம்பு, வேண்டாம் என்றால் குடம். வயதானவர்கள் இன்றைக்கும் அதை 'லாம்பு குடம்' என்றுதான் சொல்வார்கள்.

லாம்பு வென்றது, 54.66 சதவீதம். யாழ்ப்பாணம் பெருவாரியாகக் குடத்துக்குப் போட்டது. வாக்காளர் இடாப்பில் இருந்த எல்லோரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் லாம்புக்குக் கிடைத்தது ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஆனாலும் பூட்டு முறைப்படிதான் திறக்கப்பட்டது: மூன்றில் இரண்டும் இருந்தது, மக்கள் வாக்கும் இருந்தது. அதே காலத்தில் ஜே.ஆர். தன் உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். ஆக, மக்கள் பிரதிநிதிகள் என்று சபையில் உட்கார்ந்திருந்தவர்களின் வேலை, ஜனாதிபதியின் லாச்சியில் இருந்தது. 1977இல் தெரிவான பாராளுமன்றம் 1988 கடைசிவரை ஓடியது. வடக்கு, கிழக்கில் தெரிவான தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் 1983இல் ஆறாவது திருத்தம் கேட்ட, தனிநாட்டை ஆதரிக்கமாட்டோம் என்ற சத்தியப்பிரமாணத்தை எடுக்க மறுத்து ஆசனங்களை இழந்தார்கள். அதன் பிறகு 1989 வரை, மிகக் கொடிய வருடங்களில், அந்த மக்களில் பெரும்பாலோருக்காகப் பேச அவர்கள் தெரிவு செய்தவர்கள் சபையில் இல்லை.

இந்த வாக்கெடுப்பை நினைக்கும்போதெல்லாம் சலூன்காரரின் கேள்வி எனக்குத் திரும்பி வரும். 'ஜனங்க தீர்ப்பு சொல்லட்டுமே' என்று அன்றைக்கும் சொன்னார்கள். கேட்ட கேள்வியோ, ஆறு வருடத்துக்கு உங்களிடம் கேள்வி கேட்காமல் இருக்கட்டுமா என்பது.

இனி அவர் குடும்பக் கதை. ஒருநாள் கடையில் ஆளில்லாத நேரத்தில் அவரே சொன்னார்: "எங்க தாத்தா ஒரே ஒரு தரம் வோட்டுப் போட்டிருக்காரு சார். அப்புறம் சாகுற வரைக்கும் இல்ல." அந்த ஒரு தரம் 1947. இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்தில் பல ஆசனங்களை வென்ற தேர்தல். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டது: பிரஜையாக இல்லாதவர் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்க முடியாது. ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1952 தேர்தலில் அவர்களுக்கு ஆசனமும் இல்லை, வாக்கும் இல்லை. அந்தச் சட்டங்களை நிறைவேற்றியது ஓர் இராணுவ ஆட்சியல்ல. சர்வசன வாக்குரிமையில் தெரிவான பாராளுமன்றம், தாத்தாவும் வாக்களித்த அதே பாராளுமன்றம். எசமானர்களில் ஒரு பகுதியினரை வேலைக்காரர்கள் வீட்டை விட்டு வெளியேற்றிய சம்பவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்போது வேலி இல்லாமலும் இல்லை. சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகம் வரும்படி பாராளுமன்றம் சட்டமியற்ற முடியாது என்றது. கோடகன் பிள்ளை என்ற மனிதர் தன் பெயரை இடாப்பில் சேர்க்கக் கேட்டுத் தொடங்கிய வழக்கு, இலண்டனில் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில், அன்றைக்கு எங்களுக்கு அதுதான் கடைசி மேன்முறையீட்டு இடம்) வரை போனது. 1953இல் தீர்ப்பு: தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டுச் சட்டமன்றத்தின் இயல்பான வேலை, ஆகவே 29ஆம் பிரிவு மீறப்படவில்லை. சட்டத்தில் 'இந்திய வம்சாவளி' என்ற சொல்லே இல்லை. எல்லோருக்கும் பொதுவான நிபந்தனைகள்தான். அந்த நிபந்தனைகளில் யார் தடுக்கி விழுவார்கள் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. பிரஜாவுரிமைப் பிரச்சினை முற்றாகத் தீர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

29ஆம் பிரிவின் இன்னொரு கதை கொழும்பிலேயே நடந்தது. 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்துக்கு, அதாவது அரசகரும மொழிச் சட்டத்துக்கு, பிறகு கோடீஸ்வரன் என்ற தமிழ் அரசாங்க எழுதுவினைஞர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962இல் அவருடைய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிபதி ஓ.எல். டி கிரெட்சர், அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை: அரச ஊழியர் தன் சம்பளத்துக்காக முடிமீது, அதாவது அரசின்மீது, வழக்குப் போட முடியாது என்று சொல்லி 1967இல் கதவைச் சாத்தியது. 1969இல் கோமறைக் கழகம், வழக்குப் போட முடியும், போய் மொழிச் சட்டம் செல்லுமா என்று தீர்மானியுங்கள் என்று திருப்பி அனுப்பியது.

அது தீர்மானிக்கப்படவே இல்லை. அதற்குள் 1970 தேர்தல் வந்துவிட்டது. மூன்றில் இரண்டுக்கு மேல் வென்ற ஐக்கிய முன்னணி, புதிய அரசியலமைப்பு எழுத மக்கள் ஆணை இருக்கிறது என்றது. பாராளுமன்றமாகக் கூடி எழுதினால் 29ஆம் பிரிவு குறுக்கே நிற்கலாம். அதை மாற்ற முடியாது என்ற கருத்தை 1964இல் இன்னொரு வழக்கில் கோமறைக் கழகம் சொல்லி வைத்திருந்தது. ஆகவே அதே உறுப்பினர்கள் பாராளுமன்றக் கட்டடத்தை விட்டுப் புறப்பட்டு றோயல் கல்லூரி நவரங்கஹலவில் அரசியல் நிர்ணய சபையாகக் கூடினார்கள். அதே ஆட்கள், வேறு கூரை. பழைய பத்திரத்தின் கீழ் அல்ல, மக்களிடமிருந்து நேரடியாக அதிகாரம் பெற்றுக் கூடுகிறோம் என்றார்கள். வெள்ளைக்காரன் தந்த பத்திரத்தை உதறுவதில் ஒரு நியாயம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உதறியபோது 29ஆம் பிரிவும் சேர்ந்து விழுந்தது. தமிழரசுக் கட்சி 1971இலேயே வெளியேறியிருந்தது. 1972 மே 22ஆம் திகதி குடியரசு பிறந்தது. நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று சொல்லும் வழியும் அன்றோடு அடைபட்டது. 1970இல் ஐந்து வருடத்துக்குத் தெரிவானவர்கள் 1977 வரை இருந்தார்கள். ஜே.ஆருக்கு முன்மாதிரி வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை.

அடைபட்ட அந்த வழி 1978இலும் திறக்கவில்லை. கொழும்பில் சட்டத்தரணிகள் அல்லாதவர்களுக்கு அதிகம் தெரியாத, ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிற இடம் இதுதான். இந்தியாவில் ஒரு சட்டம் வந்து இருபது வருடம் கழித்தும் அது அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் போகலாம். இங்கே முடியாது. சட்டமூலம் சபையின் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதும் சில நாள் அவகாசம். 1978இல் எழுதியபோது அது ஒரே ஒரு வாரம். அதற்குள் வர்த்தமானியை வாங்கி, வாசித்து, விளங்கி, சட்டத்தரணியைப் பிடித்து, புதுக்கடையில் மனுப் போட வேண்டும். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தன் தீர்மானத்தைச் சொல்லிவிட வேண்டும். அப்புறம் சபை வாக்களிக்கும், சபாநாயகர் சான்றுரையில் கையெழுத்து வைப்பார். மை காய்ந்த பிறகு 80ஆம் உறுப்புரை வந்து நிற்கும்: அந்தச் சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது.

இதில் நடக்கக்கூடிய விளையாட்டுகளை யோசியுங்கள். யோசிக்கவும் வேண்டாம், நடந்தே இருக்கின்றன. 2017இல் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம் வர்த்தமானியில் வந்தபோது அது பெண்களின் பிரதிநிதித்துவம் பற்றியது. யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. சபை பிரிவு பிரிவாகத் திருத்தும் குழுநிலையில், நீதிமன்றக் கட்டமெல்லாம் தாண்டிய பிறகு, தேர்தல் முறையையே மாற்றும் பக்கங்கள் உள்ளே நுழைந்தன. புதிய முறைக்கு எல்லை நிர்ணயம் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்ட்டில் பாராளுமன்றமே நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. 2014இல் ஊவாவில் நடந்ததே கடைசி மாகாண சபைத் தேர்தல். தமிழ் மக்களுக்கென்று சொல்லி 1987இல் கொண்டுவந்த சபைகளை ஆளுநர்கள் நடத்துகிறார்கள்.

2024 ஜனவரியில், இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம். உயர் நீதிமன்றம் இன்னின்ன இடங்களைத் திருத்தினால்தான் சாதாரண பெரும்பான்மை போதும் என்று சொல்லியிருந்தது. எல்லாத் திருத்தங்களும் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சிகள் சொன்னார்கள், மனித உரிமைகள் ஆணைக்குழுவும் சுட்டிக்காட்டியது. சபாநாயகர் கையெழுத்து வைத்தார். கதை முடிந்தது. அவர்மீது வந்த நம்பிக்கையில்லாப் பிரேரணை 117க்கு 75 என்று தோற்றது. கையெழுத்து சரியா என்று கேட்டவர்களுக்கு, கையெழுத்து வைத்தவரின் கட்சிக்காரர்களே தீர்ப்புச் சொன்னார்கள்.

மூன்றில் இரண்டு என்ற பூட்டின் சங்கதியும் இப்படித்தான். 2010இல் ஆளும் கூட்டமைப்புக்கு மக்கள் கொடுத்தது 144 ஆசனம். ஜனாதிபதி இரண்டு தடவைக்கு மேல் போட்டியிடத் தடை நீக்கிய 18ஆவது திருத்தம் 161 வாக்குகளால் நிறைவேறியது. மீதிப் பேர் எதிர்ப்பக்கம் உட்காரச் சொல்லி மக்கள் அனுப்பியவர்கள். அதுவும் அவசர சட்டமூலமாக வந்ததால் பொதுமக்களுக்கு அந்த ஒரு வார அவகாசம்கூட இருக்கவில்லை. 2020இல் 20ஆவது திருத்தத்துக்கும் எதிரணியிலிருந்து கைகள் உயர்ந்தன. 2018இல் நீதிமன்றம் காப்பாற்றிய நாலரை வருடம், அந்தத் திருத்தத்தோடு இரண்டரை வருடமாகச் சுருங்கியது. கட்சி மாறியவரைத் திருப்பி அழைக்க வாக்காளருக்கு வழி கிடையாது. உறுப்பினரைக் கட்சி நீக்கினால் ஆசனம் போகலாம். வாக்களித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து கோபப்பட்டாலும் போகாது. கொழும்பு மாவட்டத்தில் 17 இலட்சத்துக்கு மேல் வாக்காளர்கள், 18 ஆசனங்கள். என்னுடைய எம்பி யார் என்று என்னைக் கேட்டால் உண்மையில் தெரியாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் நான் பொய்க்கணக்குக் காட்டியவன் ஆவேன். வேலி பிரதிநிதிகளை மட்டும் மறிப்பதில்லை, சில வேளை மக்களையே மறிக்கிறது. 2022 ஏப்ரல் 9ஆம் திகதி காலி முகத்திடலில் கூடியவர்கள் மூன்று மாதம் அங்கேயே இருந்தார்கள். 'கோட்டா கோ கம' என்று ஊருக்குப் பெயரும் வைத்தாயிற்று. ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகையின் படிகளில் சனம் ஏறியது. நானும் அந்த வாரம் ஒரு நாள் போய், வரிசையில் நின்று, அந்த நீச்சல் தடாகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். 14ஆம் திகதி கோட்டாபய ராஜபக்ஷ சிங்கப்பூரிலிருந்து இராஜினாமாச் செய்தார். அப்புறம் 40ஆம் உறுப்புரை: ஜனாதிபதி பதவி இடையில் வெற்றிடமானால் மீதிக் காலத்துக்குப் பாராளுமன்றம் ஒருவரைத் தெரிவு செய்யும். ஜூலை 20ஆம் திகதி 134 வாக்குகளால் தெரிவானவர், 2020 தேர்தலில் கொழும்பு மாவட்டத்தில் தோற்று, கட்சிக்கே கிடைத்த ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனத்தில் சபைக்கு வந்த ரணில் விக்கிரமசிங்க. சட்டப்படி ஒரு பிழையும் இல்லை. வீதிக்கு வந்த மக்கள் கேட்டதும் அதுவல்ல.

இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. அந்த ஒழுங்குமுறை இல்லாவிட்டால் அந்த வாரத்தில் யார் கையில் துப்பாக்கி இருந்ததோ அவர்தான் அடுத்த ஜனாதிபதி என்று ஆகியிருக்கலாம். ஆனால் எஞ்சிய இரண்டு வருடத்தையும் தேர்தலே இல்லாமல் ஓட்ட அதே ஒழுங்குமுறை உதவியது என்பதும் உண்மை. 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், காசில்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. ஒதுக்கிய நிதியைத் தடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டும் நடக்கவில்லை. 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி, தேர்தலை வைக்காமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது, தாமதிக்காமல் வையுங்கள் என்று தீர்ப்பு வந்தது. 2018இல் தேர்தலை நிறுத்திய அதே நீதிமன்றம், 2024இல் தேர்தலை வை என்றது. இரண்டும் ஒரே வேலைதான்: எப்போது உங்களிடம் வர வேண்டும் என்பதைத் தத்துவம் பெற்றவர் தன் வசதிக்குத் தீர்மானிக்க விடாமல் பார்ப்பது.

இப்போது நிலைமை கொஞ்சம் புதியது. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களை எடுத்தது. விகிதாசார முறை வந்த பிறகு ஓர் அணி யாரையும் வாங்காமல், யாரையும் கெஞ்சாமல் தனியாக 150ஐத் தாண்டியது இதுவே முதல் தடவை. யாழ்ப்பாண மாவட்டத்திலும் முதலிடம். புதிய அரசியலமைப்புத் தருவோம் என்று சொல்லி வாக்குக் கேட்டவர்கள் அவர்கள். 1970, 1977 என்ற இரண்டு வருடங்களைத் தெரிந்த எவருக்கும் அந்த 159 என்ற எண் சந்தோஷத்தோடு கொஞ்சம் வயிற்றைக் கலக்கவும் செய்யும். புதிய வரைவு வந்தால் நான் முதலில் புரட்டிப் பார்க்கப்போவது நிறைவேற்று ஜனாதிபதி முறை பற்றிய பக்கத்தை அல்ல. 80ஆம் உறுப்புரையின் இடத்தில் என்ன இருக்கிறது, சமத்துவத்துக்கு எத்தனை பூட்டு, அந்த இரண்டையும்தான்.

2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் ஒருவழியாக நடந்தது. சலூன்காரர் இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டு வாக்களிக்க ஊருக்குப் போனார். அவர் பெயர் இன்னும் அங்கேதான் இடாப்பில் இருக்கிறது. திரும்பி வந்தபோது சின்னவிரலில் மை இருந்தது. துணியை உதறி என் கழுத்தில் கட்டிக்கொண்டே கேட்டார்.

"இந்த எலக்‌ஷன வைக்கச் சொன்னதும் கோர்ட்டுதானாமே சார்?"

"ஓம்."

"அப்ப மாகாண சபைக்கு யாரும் கேஸ் போடலியா?"

கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். குழுநிலை, எல்லை நிர்ணயம், சபாநாயகரின் சான்றுரை என்று எங்கிருந்து தொடங்குவது? அவர் கத்தியை எடுத்துப் புது அலகு மாட்டிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் நீளமான கதை," என்றேன். "பரவாயில்ல சார், சொல்லுங்க," என்று கதிரையைப் பின்னால் சாய்த்தார்.